ஏழாம் குழிக்கு ஒரு வயது

1

நேற்றோடு எங்கள் ஏழாம் குழிக்கு ஒரு வயது நிறைந்தது. குழிக்கு ஏது வயது என்று ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். இங்கே யாரும் சிரிப்பதில்லை. கோலா கங்சாரிலிருந்தும் தஞ்சோங் மாலிமிலிருந்தும் தோட்டத் துரைமார்கள் மோட்டாரில் வந்து இறங்கி, அந்தக் குழியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் நின்று நானும் துடைத்துக்கொள்கிறேன். பந்து போய்விடுமே என்பது அவர்கள் கவலை. என் கவலை வேறு. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் லால்குடிப் பக்கத்து ஆள். மலாயாவின் பேராக் சீமையில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கிராணியாக, அதாவது எழுத்து வேலைக்காரனாக, வந்தேன். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். ஈப்போவுக்கு வெளியே வெள்ளைக்காரர்கள் கோல்ஃப் ஆடும் கிளப் ஒன்றில் மைதானக் கிராணி வேலை கிடைத்தது. புல் வெட்டும் தமிழ் ஆட்களுக்கும் கிளப் துரைக்கும் நடுவில் நின்று, அவர் இங்கிலீஷில் சொல்வதை இவர்களுக்கும் இவர்கள் தமிழில் சொல்வதை அவருக்கும் சொல்ல வேண்டும். குடியிருக்க மைதானத்து ஓரத்தில் ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள். வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு.

ஆட்டம் இதுதான். பரந்த புல்வெளியில் ஒரு சிறு வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து, அங்கங்கே வெட்டி வைத்த குழிகளில் ஒவ்வொன்றாக விழவைக்க வேண்டும். குறைந்த அடியில் விழவைப்பவர் ஜெயித்தவர். குழி என்னவோ ஒரு செம்பு அமிழும் அளவுதான். ஆனால் பந்து புறப்படும் மேட்டிலிருந்து அந்த ஓட்டை வரைக்கும் குறுக்கே வரும் புல், மணல், ஓடை, மரம் எல்லாவற்றையும் சேர்த்துக் குழி என்றே சொல்வது அவர்கள் வழக்கம்.

இந்தச் சொல்லே எனக்கு முதல் வாரத்தில் வினையாக வந்தது. "புதிதாக ஒன்பது குழி வெட்ட வேண்டும், சீக்கிரம் வேண்டும்" என்று துரை சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். கூட்டத்தில் பேச்சு நின்றுபோயிற்று. அவர்களில் பாதிப் பேர் விஷக்காய்ச்சல் வருஷத்தில் தோட்டங்களில் இருந்தவர்கள். அந்த வருஷம் காலையில் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட, வரிசையில் நிற்கும்போதே, ரப்பர் வெட்ட இன்னார், குழி வெட்ட இன்னார் என்று ஆள் பிரிப்பார்களாம்.

பெண்கள் கூட்டத்துக்குத் தலைமை பார்க்கும் அங்கம்மா என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "கிராணி, யாருக்குக் குழி? நோய் திரும்ப வருதா?"

இல்லை, பந்துக்கு என்றேன். நம்பினவர்கள் நம்பினார்கள். மறுநாள் காலை இரண்டு குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் அதைக் 'கப்பு' என்றுதான் சொல்வார்கள். குழி என்ற சொல்லை வேலையிடத்தில் வாயில் எடுப்பதில்லை.

2

கிளப் செயலாளரான துரையை எங்கள் ஆட்கள் பைப்பு துரை என்பார்கள். புகையிலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பைப்பு வாயில் இருக்கும். ஸ்காட்லாந்தில் கடலோரத்தில் ஒரு சிறு ஊர் அவருக்கு. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. மலாய் நன்றாகப் பேசுவார். தமிழ் வராது.

அவரிடம் படங்கள் ஒட்டிய ஒரு பெரிய புத்தகம் இருந்தது. மழைக்காக ஒதுங்கி நிற்கும் பொழுதெல்லாம் அதைத் திறந்து உலகத்துக் குழிகளை எனக்குக் காட்டுவார். ஓரிடத்தில் குழியைச் சுற்றியுள்ள புல்திட்டு மிகச் சிறியது, அதற்குத் தபால் தலை என்றே பெயராம். இன்னோரிடத்தில் புல்திட்டுக்குப் பின்னாலேயே ஒரு தெருவும் கல்சுவரும். பந்து சற்றே எகிறினால் தெருவில் கிடக்கும், தெருவிலிருந்தே அடிக்க வேண்டும். அயர்லாந்தில் ஒன்றில் குழியே கண்ணுக்குத் தெரியாதாம். நடுவில் மணல் குன்று மறைக்கும். குன்றின் மேல் ஒரு வெள்ளைக் கல்லை வைத்திருப்பார்கள், அந்தக் கல்லைப் பார்த்து அடித்துவிட்டுக் கடவுள் விட்ட வழி என்று நடக்க வேண்டியதுதான். அமெரிக்காவில் ஒன்று குட்டைக்கு நடுவே தீவு மாதிரி.

அவருடைய ஊர்க் குழி வந்ததும் பக்கத்தைப் புரட்டாமல் வெகுநேரம் வைத்திருப்பார். ஒரு வாய்க்கால், அதைத் தாண்டிப் பச்சைத் திட்டு, பின்னால் ஒரு பாறை. அவ்வளவுதான் படம். "என் ஊரில் உள்ள ஒவ்வொருவனும் இந்த வாய்க்காலில் ஒரு முறையாவது பந்தைத் தொலைத்திருக்கிறான்" என்றார் ஒருநாள். "இதை இங்கே கொண்டுவருவேன். பேராக்கில் ஒரு குழியை உலகம் பேச வேண்டும்."

எனக்கு அப்போது அவரைப் பார்த்துப் பாவமாகத்தான் இருந்தது. கப்பலேறி வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றை இங்கே நட்டுப் பார்க்கிறோம். நாங்கள் முருங்கைக் கொம்பு நடுகிறோம். அவர் ஒரு குழியை நடப் பார்த்தார்.

ஒன்பதில் ஏழாவதை அதற்கென்று வைத்து, இடமும் அவரே தேர்ந்தெடுத்தார். மைதானத்துக்குக் கிழக்கே பழைய ஈயச் சுரங்கம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. தோண்டிய பள்ளத்தில் மழைநீர் நிறைந்து பெரிய குட்டை. குட்டைக்கு அப்பால் செங்குத்தான சுண்ணாம்புக்கல் மலை. இடது பக்கம் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பு. ஈயம் கழுவிய சேற்றுத் தண்ணீரை வருஷக்கணக்காக விட்டு நிரப்பிய இடம் அது. மேலே வெயிலில் காய்ந்து வெடித்துத் தரை போலவே இருக்கும். கீழே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. சுரங்கம் வெட்டிய தவ்கே, அதாவது சீன முதலாளி, எப்போதோ வேறு ஊர் போய்விட்டார். ஆடு நடந்து போனதைப் பார்த்தேன் என்றான் ஒருவன். மாட்டு வண்டியே உள்ளே போய்விட்டது என்றான் இன்னொருவன். பார்த்தாயா என்றால், கேட்டது என்றான்.

கரைமேல் நின்று அடித்தால் பந்து குட்டையைத் தாண்டி மலையடிவாரத்தில் விழ வேண்டும். வலது பக்கம் தவறினால் தண்ணீர். இடது பக்கம் தவறினால் அந்தச் சாம்பல் பரப்பு.

3

வீட்டில் அப்போது தையல்நாயகிக்கு ஆறாவது மாதம். என் மனைவியைச் சொல்கிறேன். கமலத்துக்குப் பிறகு இரண்டு தங்கவில்லை. அதனால் எந்தச் சின்ன விஷயத்துக்கும் அவள் முகத்தை முதலில் பார்ப்பேன். வேலை போனால் வீடு போகும், வீடு போனால் இவளை இந்த நிலையில் எங்கே கூட்டிப்போவது என்ற எண்ணம் சாப்பிடும்போதும் கூடவே உட்கார்ந்திருக்கும்.

கமலம் இங்கே பிறந்தவள். பாதிரிமார்களின் பெண் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு மலாய், கடைத்தெருவில் கேட்ட காண்டனீஸ் சீனம், பள்ளியில் இங்கிலீஷ். எங்களோடு மட்டும் தமிழ், அதிலும் கோபம் வந்தால் மாறிவிடும். "சாப்பிட வா" என்றால் "தா மாவு லா, அப்பா" என்பாள், வேண்டாமாம். அந்த 'லா' இந்த ஊர்ப் பேச்சுக்கு ஒரு வால், எல்லோர் வாயிலும் ஒட்டியிருக்கும். நாலு பாஷையில் மறுக்கத் தெரிந்த பெண்ணிடம் ஒன்றரைப் பாஷைக்காரன் என்ன வாதாடுவது?

அவள் பெயரால் எனக்கு ஒரு அலைச்சல் இருந்தது. பிறப்பைப் பதிந்த ஆபீஸில் கமலம் என்று நான் சொன்னதை அங்கிருந்த எழுத்தர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதிக்கொண்டார். பள்ளியில் சேர்க்கும்போதுதான் தெரிந்தது, அந்த இங்கிலீஷ் எழுத்தில் படித்தால் முதல் பாதி 'கேமல்', ஒட்டகம் என்று அர்த்தம். வகுப்பில் பிள்ளைகள் முதுகில் திமில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்களாம். அழுதுகொண்டு வந்தாள். திருத்தப் போனேன். ஒரு ஜன்னலில் இன்னொரு ஜன்னலுக்குப் போ என்றார்கள். அங்கே மாஜிஸ்திரேட் முன் சத்தியம் செய்து வா என்றார்கள். சத்தியம் செய்து வந்தால், சத்தியத்தில் என் பெயர் தப்பாக இருந்தது. அரை நாள் லீவு கேட்டுக் கேட்டு எனக்கே கூச்சமாகிப் போயிற்று. கடைசியில் திருத்திக் கொடுத்தார்கள். ஆனால் இங்கிலீஷில் ஒரு எழுத்து பிசகினால் அது மனிதன் மேல் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்ற பயம் அன்று எனக்குள் நுழைந்தது, பிறகு போகவே இல்லை. துரைக்கு ஒரு வாக்கியம் சொல்லும் முன் அதை உள்ளுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்ப்பேன்.

4

சொல்லிப் பார்க்க நேரம் இல்லாத நாளும் வந்தது.

திறப்பு நாளுக்குச் சில வாரம் முன்பு. மழை இல்லாமல் வெகுநாள் ஆகியிருந்தது. அங்கம்மாவும் பெண்களும் கரையிலே புல்கட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். துரை தானே முதல் பந்தை அடித்துப் பார்க்க விரும்பினார். அடித்தார். பந்து மேலே போய், இடப்பக்கம் வளைந்து, சாம்பல் பரப்பில் போய் உட்கார்ந்தது. கரையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. வெள்ளையாகத் தெரிந்தது.

"ஒரு ஆளை அனுப்பு" என்றார் என்னிடம்.

சொன்னேன். அங்கம்மா கூடையை இறக்கி வைத்தார். "அங்க யாரும் நடந்து பாத்ததில்ல கிராணி. ஆடு போச்சுங்கிறான் ஒருத்தன், வண்டி போச்சுங்கிறான் ஒருத்தன். தெரியாத எடத்துக்கு எங்க ஆள அனுப்ப மாட்டேன் லா. அத அப்படியே சொல்லு."

அப்படியே சொன்னேன். துரையின் கழுத்து சிவந்தது. பிறகு சிரித்தார். "ஒரு மாதம் வெயில் அடித்திருக்கிறது. நானே எடுக்கிறேன், பார்க்கட்டும்."

"வேண்டாம், சார்" என்றேன். அவர் அதற்குள் கரையிலிருந்து இறங்கிவிட்டார்.

தரை தாங்கியது. நடந்தார். காலடியில் ஓடு உடைகிற மாதிரிச் சத்தம் மட்டும் வந்தது. குனிந்து பந்தை எடுத்து, எங்களைப் பார்த்து உயர்த்திக் காட்டினார். பெண்கள்கூடச் சிரித்தார்கள். திரும்பி வருவதற்குக் காலை எடுத்து வைத்தவர், அந்தக் காலோடு முழங்கால் வரை உள்ளே போனார். இழுத்தார். மற்றக் கால் போயிற்று. பைப்பு கீழே விழுந்தது. ஒவ்வொரு உதைக்கும் ஒவ்வொரு சாண் இறங்கினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பு மறைந்தது.

எனக்கு எங்கள் ஊர் ஏரி ஞாபகம் வந்தது. கோடையில் வற்றின ஏரிக்குள் என் சித்தப்பாவின் காளை தண்ணீர் தேடி இறங்கிச் சிக்கிக்கொண்டது. காப்பாற்றப் போனவனும் சிக்கினான். கரையில் இருந்த அத்தனை பேரும் "படுடா, படுடா" என்று கத்தினார்கள். அவன் நெஞ்சைக் கொடுத்துச் சேற்றில் பரவிப் படுத்தான், மிதந்தான், வந்தான். காளைக்குச் சொல்ல முடியவில்லை.

படு. இங்கிலீஷில் என்ன? தலைக்குள் துழாவினேன். ஒரே சொல்தான் கையில் அகப்பட்டது.

"ஸ்லீப், சார்!" என்று கத்தினேன். "ஸ்லீப்! ஸ்லீப்!"

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. சாகப் போகிறவனைப் பார்த்துத் தூங்கு என்று சொல்கிற ஒருவனைப் பார்க்கும் பார்வை. ஏதோ திட்டினார். மறுபடி உதைத்தார். சேறு மார்புக்கு வந்தது.

"என்ன சொன்ன? ஏன் இன்னும் ஒதைக்கிறாரு?" என்றார் அங்கம்மா.

"படுக்கச் சொன்னேன்."

"வெளங்கலல்ல அவருக்கு! காட்டு!"

நான் கரையிலிருந்து இறங்கி, வெள்ளைக் கோட்டோடு அந்தச் சாம்பல் தரையில் குப்புற விழுந்து கைகளை விரித்தேன். தலையைத் தூக்கி அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். உதைப்பது நின்றது. மெல்ல முன்னால் சாய்ந்து, என்னைப் போலவே கையை விரித்தார். இறங்குவது நின்றது.

புல்கட்டி சுமக்கும் பலகைகளை அங்கம்மா ஒவ்வொன்றாக எனக்கு முன்னால் தள்ளினார். லாலாங் என்கிற நீளக் காட்டுப் புல்லைக் கட்டுக் கட்டாகப் பெண்கள் அறுத்து வீசினார்கள். நான் வயிற்றாலேயே ஊர்ந்தேன். என் கணுக்காலை அங்கம்மா பிடித்திருந்தார், அவர் காலை இன்னொருத்தி, அவள் காலை இன்னொருத்தி. எனக்குக் கீழே பலகை கஞ்சி மேல் மிதக்கிற மாதிரி அசைந்தது. தையலின் ஆறு மாத வயிறு கண்முன் வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியதை மறைக்க மாட்டேன். ஆனால் பின்னால் அத்தனை கைகள். திரும்ப முடியாது. பலகையோடு தள்ளிவிட்டிருந்த, குழியில் நடும் கொடிக் கம்பை நீட்டினேன். ஒரு கையால் பிடித்தார். மற்றக் கையை நீட்டுங்கள் என்றேன். அதில் இன்னும் பந்தைப் பிடித்திருந்தார்.

"விடுய்யா அந்தச் சனியன!" என்று அங்கம்மா பின்னாலிருந்து போட்ட சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. பந்தை விட்டார். இரண்டு கையாலும் பிடித்தார். இழுத்தோம். பூட்ஸ் இரண்டும் உள்ளேயே தங்கிவிட்டன. ஒரு முழங்கால் திருகிக்கொண்டது. ஆள் வந்துவிட்டார்.

5

அவரை மோட்டாரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வலியோ கோபமோ, தெரியவில்லை.

கதை எனக்கு முன்னால் கிளப்புக்குப் போய்விட்டது. மறுநாள் கமிட்டித் துரை ஒருவர் என்னைக் கூப்பிட்டு, உட்காராமலே கேட்டார்.

"சேற்றில் முழுகிக்கொண்டிருந்தவரைப் பார்த்துத் தூங்கு என்றாயா?"

"ஆமாம், சார். அதாவது எங்கள் பாஷையில்..."

"அது உனக்கு வேடிக்கையாக இருந்ததா?"

எங்கள் பாஷையில் படுப்பதற்கும் தூங்குவதற்கும் நடுவில் உள்ள சிறு இடைவெளியை அவருக்கு விளக்கப் போனேன். விளக்க விளக்க இங்கிலீஷ் என் கையை விட்டு நழுவியது. செயலாளர் வரும்வரை மைதானத்துப் பக்கம் வர வேண்டாம் என்றார். கட்டளையை மறுத்ததற்காக அங்கம்மாவின் கூட்டத்தையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நான் வெளியே வரும்போது உள்ளே யாரோ, இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்ல, சிரிப்பு எழுந்தது. அங்கேதான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிறது.

அடுத்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் வீட்டைக் காலி பண்ணச் சொல்ல வருகிறார்கள் என்று எழுந்து நிற்பேன். தையல் எனக்குத் தெரியாமல் பாத்திரங்களைத் தவலைக்குள் அடுக்க ஆரம்பித்திருந்தாள். பார்த்துவிட்டேன்.

"எதுக்கு இப்பவே?" என்றேன்.

"வந்து சொன்னப்புறம் என்னால குனிஞ்சு கட்ட முடியுமாங்க?" என்றாள். நானே குனிந்து மீதிப் பாத்திரங்களை உள்ளே வைத்தேன்.

ஒரு மத்தியானம் அங்கம்மா மரவள்ளிக் கிழங்கோடு வந்தார். திண்டாட்டம் அவருக்கும்தான். ஆனாலும் தையலின் காலைப் பார்த்து, வீக்கம் இருக்கு, நடக்காதே என்று அதட்டிவிட்டு, கிழங்கை வேக வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். போகும்போது என்னிடம் சொன்னார். "ஒரு உசிர இழுத்துப் போட்டோம் கிராணி. அதுக்கு மேல என்ன வந்தாலும் வரட்டும். நீ மொகத்த இப்படி வச்சிருந்தா இவளுக்கு எப்படிச் சோறு எறங்கும்?"

6

துரை வந்தார். ஆள் அனுப்பவில்லை, அவரே ஊன்றுகோலோடு எங்கள் வீட்டுப் படிக்கு வந்து நின்றார். நான் கொல்லையில் இருந்தேன். கதவைத் திறந்தவள் கமலம். நான் ஓடி வருவதற்குள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மகள் தயங்காமல், வாக்கியத்தை உள்ளுக்குள் சொல்லிப் பார்க்காமல், கையை ஆட்டி ஆட்டி, அப்பா படுக்கத்தான் சொன்னார் என்று அவரிடம் பேசியதைப் பார்த்து எனக்குப் பெருமை வரவில்லை. முதலில் பயம்தான் வந்தது. இவள் என்னைத் தாண்டி எங்கோ போய்விட்டாள் என்ற பயம்.

"அந்தச் சொல் என்ன?" என்றார் என்னைப் பார்த்ததும். "உங்கள் மொழியில்?"

"படு, சார்."

"பாடு" என்றார்.

"அது இல்ல சார், பாடுன்னா பாட்டுப் பாடறது" என்று கமலம் குறுக்கே விழுந்து இங்கிலீஷில் சொன்னாள்.

துரை யோசித்தார். "நல்ல வேளை. உன் அப்பா அப்படிச் சொல்லியிருந்தால் நான் நிச்சயம் முழுகியிருப்பேன்." சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். பிறகு அவர் முகம் மாறியது. "என் ஊர் வாய்க்காலில் விழுந்தால் முழங்கால் நனையும். அவ்வளவுதான். அதைத்தான் இங்கே வைத்ததாக நினைத்துவிட்டேன்."

மறுநாள் எல்லோருக்கும் வேலை திரும்பியது. அந்தக் குழியை விட்டுவிடலாம் என்று துரை கமிட்டியில் சொல்லிப் பார்த்தார். அவர்கள் ஒப்பவில்லை. ஒரு வெள்ளைக்காரரையே விழுங்கப் பார்த்த குழி என்று அதற்குள் பேராக் முழுக்கப் பேர் பரவிவிட்டது. அதை ஆட நாலா பக்கமிருந்தும் கேட்டு வருகிறார்களாம். அதனால் துரை சாம்பல் பரப்பைச் சுற்றி வெள்ளைக் கழி நட்டுக் கயிறு கட்டினார். கயிற்றுக்கு அப்பால் போன பந்து போனதுதான், யாரும் எடுக்கப் போகக்கூடாது என்று விதி வைத்தார். பந்தயம் நடக்கும் நாளெல்லாம் நான் அங்கே நிற்க வேண்டும் என்றார்.

"யார் போனாலும் நிறுத்து."

"துரைமார்கள் போனால், சார்?"

"முக்கியமாக அவர்களைத்தான்."

7

திறப்பு நாளன்று கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் முன்னணியில் ஆடிக்கொண்டு வந்தார். மட்டைப் பையைத் தூக்கத் தன் தோட்டத்து ஆளையே கூட்டி வந்திருந்தார். மாரியப்பன் என்று பெயர், எனக்குச் சற்று இளையவர். துரை அடித்த பந்து கயிற்றுக்கு அப்பால், ஆனால் கிட்டத்தில், விழுந்தது. அவர் மாரியப்பனைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். மாரியப்பன் பையை இறக்கிவிட்டுக் கயிற்றைத் தூக்கினார்.

"போகாதய்யா, உள்ள சேறு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் துரையைப் பார்த்தார். அந்த இரண்டு பார்வைக்கு நடுவில் அவருடைய வேலை, வீடு, பெண்டு பிள்ளை எல்லாம் இருந்தது எனக்குத் தெரியும். எனக்கும் அதே சங்கதிதானே.

"போ" என்றார் துரை.

நான் போய்க் கயிற்றுக்கும் மாரியப்பனுக்கும் நடுவில் நின்றேன். செயலாளரின் விதி இது என்று முழு வாக்கியமாகச் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "நோ, சார்" என்றேன்.

"நீ யார்?"

"நோ, சார்."

அவர் கையில் மட்டை இருந்தது. அடிக்க ஓங்கினாரா, சும்மா உயர்த்தினாரா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அப்போது பக்கவாட்டில் கூடை இறக்கும் சத்தம் கேட்டது. அங்கம்மா வந்து கயிற்றோரம் என் பக்கத்தில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு மற்றவர்கள். பின்னால் காத்திருந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் சீட்டியடித்தார். தோட்டத் துரை எங்களை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து வேறொரு பந்தை எடுத்துப் போட்டு அடித்தார். அது குட்டையில் விழுந்தது.

பந்தயம் முடிந்து தண்ணீர்க் குழாயடியில் மாரியப்பன் என்னிடம் வந்தார். "நல்லது செஞ்சீங்கண்ணே. ஆனா தோட்டத்துக்குத் திரும்பினா எனக்கு என்ன நடக்குமோ தெரியல" என்றார். நான் அவரைக் காப்பாற்றினேனா, வேறு ஒரு பள்ளத்தில் தள்ளினேனா? சில வாரம் கழித்துப் பெண்டாட்டி பிள்ளையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். நீக்கிவிட்டார்களாம். பைப்பு துரையிடம் சொன்னேன். இப்போது மாரியப்பன் எங்கள் ஆட்களில் ஒருவர்.

8

தையலுக்கு ஆண் பிள்ளை பிறந்து தங்கியது. நேற்றைய பந்தயத்தில் ஒருவரும் கயிற்றைத் தாண்டவில்லை. இத்தோடு நிறுத்தினால் ஊரில் உள்ளவர்கள் நிம்மதியாகப் படித்து முடிப்பீர்கள். எனக்குத்தான் நிம்மதி இல்லை.

பைப்பு துரை ஊருக்கே திரும்பிப் போகிறார். நேற்று ஆட்டம் முடிந்ததும் சொன்னார். முழங்கால் சரியாகவில்லையாம். அவருடைய படப் புத்தகத்தைக் கமலத்துக்குக் கொடுத்துவிட்டார். வேறொரு துரை வரப்போகிறார். அவருக்கு இந்தச் சேற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. கமிட்டியில் ஏற்கெனவே பேச்சு அடிபடுகிறது, கயிறும் கழியும் அசிங்கமாக இருக்கிறது, போட்டோவில் குழியின் அழகைக் கெடுக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்று. மேல்தோடு மறுபடியும் நன்றாகக் காய்ந்து, பார்க்கத் தரை மாதிரியே இருக்கிறது. அங்கம்மா நேற்று என்னிடம் வந்து, "புதுத் தொரைக்கிட்ட நீதான் பேசணும், வந்த மொத நாளே பேசிரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் இன்று காலை கமலத்தைப் பள்ளிக்குப் போகும் முன் பிடித்து உட்கார வைத்தேன். புதுத் துரையிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அங்கே யாரும் போகக்கூடாது என்பதுதான் விஷயம்.

"ஸார், நோபடி கோஸ் தேர், ஸார்."

அவள் சடையைப் பின்னிக்கொண்டே சொன்னாள். "ரெண்டு ஸார் வேணாம்பா. கெஞ்சுற மாதிரி இருக்கு."

கடைசியில் இருந்ததை எடுத்துவிட்டுச் சொன்னேன்.

சடையை முடிந்து பின்னால் தள்ளினாள். "மொத ஸாரையும் எடுத்துருங்க. எந்திரிச்சு நின்னு சொல்லுங்க."

"வேலை போயிரும்மா."

"போகாதுப்பா. சொல்லுங்க லா."

எழுந்தேன். மேல்துண்டைச் சரி செய்துகொண்டு, வெறும் சுவரைப் பார்த்து, ஸார் இல்லாமல் சொன்னேன். நான் நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. தூளியில் பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டான். அடுப்படியிலிருந்து தையல் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"இப்ப சரி" என்றாள் கமலம்.